முகூர்த்தம் குறிக்கும் முன் விசா நாட்களை எண்ணுங்கள்

நான் திருவண்ணாமலை மாவட்டத்தில் பிறந்து, சென்னையில் வேலை பார்ப்பவள். என் கணவர் பிரான்ஸ் நாட்டுக் குடிமகன். மரச்சாமான்கள் செய்யும் தச்சர். 2022 அக்டோபரில் அவர் இணையத்தில் எடுக்கும் இ-சுற்றுலா விசாவில் சென்னையில் வந்திறங்கியதிலிருந்து, 2025 டிசம்பரில், வெளிநாட்டவர் இங்கே காலவரையின்றித் தங்க உதவும் ஓசிஐ அட்டை அவருக்குக் கிடைத்ததுவரை மூன்று ஆண்டுகளுக்கும் மேல் ஆயிற்று. இதில் இரண்டு ஆண்டுகள் சட்டப்படி எல்லோரும் காத்திருக்க வேண்டியவை. அதைப் பற்றி எனக்கு வருத்தமில்லை. ஆனால் அதற்கு முன்னால் போன ஏழு மாதங்களும், இரண்டரை லட்சம் ரூபாய்க்குக் குறையாத பணமும், எதை முதலில் செய்ய வேண்டும், எதைப் பிறகு செய்ய வேண்டும் என்று எங்களுக்குச் சொல்ல ஒருவரும் இல்லாததால் மட்டுமே போயின. எங்கள் இரு குடும்பங்களிலும் இதற்கு முன் வெளிநாட்டவரை மணந்தவர் எவரும் இல்லை. அந்த நாட்களில் நான் தேடிக் கிடைக்காத விவரங்களை இங்கே வரிசையாக எழுதி வைக்கிறேன்.

நாங்கள் செய்த முதல் தவறு மிகவும் இயல்பானது. அப்பா சம்மதித்ததும், எந்தத் தமிழ்க் குடும்பத்திலும் நடப்பதுபோல் ஜோசியரிடம் போய் நாள் குறித்தார்கள். கார்த்திகை மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை முகூர்த்தம் அமைந்தது. மண்டபத்துக்கு முன்பணம் கட்டினோம், பத்திரிகை அடித்தோம். அவர் அக்டோபர் 20-ஆம் தேதி வந்தார். அப்போதைய விதிப்படி பிரான்ஸ் நாட்டவர் ஓராண்டு இ-சுற்றுலா விசாவில் ஒரு வருகைக்கு அதிகபட்சம் 90 நாட்கள்தான் தொடர்ந்து தங்கலாம். அந்தக் கணக்கில் ஜனவரி 17-ஆம் தேதி அவருக்குக் கடைசி நாள். அது எங்களுக்குத் தெரியாமல் இல்லை. கல்யாணத்துக்குப் பிறகு ஒன்றரை மாதத்துக்கும் மேல் அவகாசம் இருக்கிறதே, அதற்குள் பதிவு செய்து விசாவையும் மாற்றிவிடலாம் என்று நம்பியிருந்தோம்.

திருமணம் குறைவின்றி நடந்தது. அதற்கு அடுத்த வாரம், கோயில் ரசீது, பத்திரிகை, தாலி கட்டும் புகைப்படம், இருவரது பாஸ்போர்ட் ஆகியவற்றோடு சார்பதிவாளர் அலுவலகத்துக்குப் போனோம். அங்கே இருந்த எழுத்தர் பத்திரிகையைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "மாப்பிள்ளை இந்து இல்லையே அம்மா" என்றார். இந்து திருமணச் சட்டம் இரண்டு இந்துக்களுக்கு இடையிலான திருமணத்துக்கு மட்டுமே பொருந்தும். தமிழ்நாட்டில் சுயமரியாதைத் திருமணத்துக்கு இடமளிக்கும், அதே சட்டத்தின் 7ஏ பிரிவும் அப்படித்தான். ஆகவே முந்நூறு பேர் அட்சதை போட்ட எங்கள் திருமணத்துக்குச் சட்டத்தின் கண்ணில் எந்த மதிப்பும் இல்லை. 1954-ஆம் ஆண்டின் சிறப்புத் திருமணச் சட்டத்தின் கீழ்தான் நாங்கள் திருமணம் செய்துகொள்ள வேண்டும், அதற்கு முதலில் அறிவிப்புக் கொடுத்து 30 நாட்கள் காத்திருக்க வேண்டும், அறிவிப்பை வாங்குவதற்கே மாப்பிள்ளையின் நாட்டுத் தூதரகத்திலிருந்து அவர் மணமாகாதவர் என்ற சான்று வேண்டும் என்று சொன்னார்கள். அலுவலகத்துக்கு வெளியே வந்து வேப்பமரத்தடியில் நின்றபோது என் கழுத்தில் இருந்த மஞ்சள் கயிற்றின் ஈரம்கூட முழுவதும் காயவில்லை. நான் இவருக்கு மனைவி இல்லையா என்ற கேள்வி அன்றிரவு முழுவதும் என்னைத் தூங்கவிடவில்லை.

இந்த இடத்தில் நிறுத்திச் சில விவரங்களைச் சொல்ல வேண்டும். சிறப்புத் திருமணச் சட்டத்தின்படி, மணமக்களில் யாராவது ஒருவர் அந்த மாவட்டத்தில் குறைந்தது 30 நாட்கள் குடியிருந்திருந்தால் போதும். இருவரும் இருந்திருக்க வேண்டியதில்லை. நான் சென்னையில் பல ஆண்டுகளாக வசிப்பவள் என்பதால், அவர் வந்திறங்கிய வாரத்திலேயே அறிவிப்புக் கொடுத்திருக்கலாம். அறிவிப்பு வெளியான பிறகு 30 நாட்கள் ஆட்சேபணைக் காலம். அது முடிந்ததும், அறிவிப்புக் கொடுத்த நாளிலிருந்து மூன்று மாதங்களுக்குள் திருமணத்தை முடிக்க வேண்டும். தவறினால் அறிவிப்பு காலாவதியாகி மீண்டும் முதலிலிருந்து தொடங்க வேண்டும். 90 நாள் தங்கும் அனுமதிக்குள் இதை வசதியாகச் செய்து முடிக்கலாம், ஆனால் தூதரகச் சான்று அவர் விமானம் ஏறும் முன்பே கையில் இருக்க வேண்டும். முகூர்த்தம், மண்டபம், பத்திரிகை எல்லாம் அந்த 31-ஆம் நாளுக்குப் பிறகு வரட்டும். பெரியவர்களிடம் இதை எடுத்துச் சொல்வது எளிதல்ல என்பதை அறிவேன். இருந்தாலும் முதலில் சொல்லிவிடுங்கள்.

அந்தத் தூதரகச் சான்று எங்களை அடுத்த மூன்று மாதங்கள் அலைக்கழித்தது. பிரான்ஸ் நாட்டவர் வெளிநாட்டில் மணம் செய்ய, திருமணத் தகுதிச் சான்று என்ற ஒன்றைத் தங்கள் தூதரகத்திடம் பெற வேண்டும். எங்களைப் பொறுத்தவரை அது புதுச்சேரியில் உள்ள துணைத் தூதரகம். இருவரின் ஆவணங்களும் சரிபார்க்கப்பட்ட பின், திருமண அறிவிப்பு தூதரகத்திலும் அவரது ஊர் நகராட்சியிலும் பத்து நாட்கள் ஒட்டப்படும். இருவரையும் தனித்தனியே அழைத்து, எப்படிச் சந்தித்தீர்கள், எந்த மொழியில் பேசிக்கொள்கிறீர்கள் என்றெல்லாம் விசாரிப்பார்கள். பொய்த் திருமணங்களைத் தடுப்பதற்காக உள்ள நடைமுறை அது, நியாயமானதே. என்னிடம் விசாரித்தவர் மரியாதையாகத்தான் பேசினார். தடை வந்தது என் பக்கத்திலிருந்து. எனது பிறப்புச் சான்றிதழை எடுத்துப் பார்த்தபோது, அப்பா பெயர், அம்மா பெயர், பிறந்த தேதி எல்லாம் இருந்தன; குழந்தையின் பெயர் என்ற கட்டம் வெறுமையாக இருந்தது. மருத்துவமனையில் பிறந்ததும் பதிவு செய்துவிட்டு, பிறகு பெயர் சேர்க்காமலே விட்ட சான்றிதழ்கள் என் வயதுக்காரர்களில் பலரிடம் உண்டு. பள்ளிச் சான்றிதழையும் ஆதாரையும் கொண்டுபோய் ஊர் நகராட்சியில் பெயர் சேர்ப்பதற்கு மூன்று வாரங்களும் நான்கு நாள் விடுப்பும் ஆயின.

அடுத்து முன்னெழுத்துப் பிரச்சினை. பாஸ்போர்ட்டில் அப்பாவின் முழுப் பெயர் குடும்பப் பெயர் என்ற இடத்தில் இருக்கிறது. ஆதாரில் ஒற்றை எழுத்து முன்னால் நிற்கிறது. பள்ளிச் சான்றிதழில் அதே எழுத்து பெயருக்குப் பின்னால் வருகிறது. நமக்கு மூன்றும் ஒரே ஆள்தான், ஆனால் குடும்பப் பெயரை வைத்தே ஒருவரை அடையாளம் காணும் நாட்டின் அதிகாரிக்கு அவை மூன்று வெவ்வேறு பெயர்கள். முத்திரைத்தாளில் நோட்டரி கையொப்பத்துடன், இம்மூன்று பெயர்களும் ஒரே நபரைக் குறிப்பவை என்று பிரமாணப் பத்திரம் எழுதி, அதை மொழிபெயர்த்துக் கொடுத்த பிறகே அந்தச் சிக்கல் தீர்ந்தது. வெளிநாட்டவரை மணக்க எண்ணும் எவரும் இன்றே தங்கள் பிறப்புச் சான்றிதழையும் பாஸ்போர்ட்டையும் ஆதாரையும் ஒரு மேசைமேல் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, ஒவ்வொரு எழுத்தையும் ஒப்பிட்டுப் பாருங்கள். பெண் பார்க்கும் படலத்துக்கு முன்பே செய்ய வேண்டிய வேலை இது.

இதற்குள் ஜனவரி வந்துவிட்டது. தேதியைத் தாண்டித் தங்கினால் பிற்காலத்தில் விசா கேட்கும்போதெல்லாம் அது எதிரே வந்து நிற்கும் என்பதால், எந்தக் காரணத்துக்காகவும் அதைச் செய்யக் கூடாது என்று இருவரும் உறுதியாக இருந்தோம். 2023 ஜனவரி 14, போகி அன்று அவரை விமான நிலையத்தில் விட்டுவிட்டு வந்தேன். மறுநாள் தலைப்பொங்கல். அம்மா வீட்டிலிருந்து புதுப்பானை, கரும்பு, மஞ்சள் கொத்து, வேட்டி சேலை எல்லாம் வந்து கூடத்தில் இறங்கியிருந்தன. வேட்டி பிரிக்கப்படாமல் இருந்தது. பானை பொங்கியபோது அப்பா குரல் கொடுத்தார். எனக்குக் குரல் எழவில்லை. அக்கம்பக்கத்தில் ஒருவர், "வெள்ளைக்காரர் திரும்பி வருவாரா?" என்று அம்மாவிடம் கேட்டதை நான் அடுக்களையிலிருந்து கேட்டேன். நான் இழந்த தொகையை எல்லாம் மறந்துவிடுவேன், அந்தக் கேள்வியை மறக்க மாட்டேன்.

திருமணத் தகுதிச் சான்று வந்த பிறகு, மார்ச் இறுதியில் அதே விசாவில் அவர் திரும்பி வந்தார். ஏப்ரல் முதல் வாரத்தில் இருவரும் நேரில் போய் அறிவிப்பில் கையெழுத்திட்டோம். அறிவிப்பைப் பற்றி ஒரு எச்சரிக்கை. அது அலுவலகப் பலகையில் எல்லோரும் பார்க்கும்படி ஒட்டப்படும். அத்துடன், மணமக்களின் நிரந்தர முகவரி வேறு மாவட்டத்தில் இருந்தால் அதன் நகல் அங்குள்ள திருமண அதிகாரிக்கும் அனுப்பப்பட்டு அங்கேயும் ஒட்டப்படும். எனது நிரந்தர முகவரி சொந்த ஊராக இருந்ததால், இரண்டே வாரத்தில் அப்பாவுக்கு ஓர் உறவினரிடமிருந்து தொலைபேசி வந்தது. எங்கள் வீட்டில் எல்லோருக்கும் தெரிந்த திருமணம் என்பதால் அது அத்தோடு முடிந்தது. வீட்டுக்குத் தெரியாமல் மணம் செய்ய வேண்டிய நிலையில் இருக்கும் பெண்கள் இதை மனத்தில் வைத்து, முன்கூட்டியே ஒரு வழக்கறிஞரைப் பார்த்துக்கொள்ள வேண்டும். யார் வேண்டுமானாலும் ஆட்சேபணை எழுதிக் கொடுக்கலாம் என்பது உண்மைதான். ஆனால் ஏற்கெனவே உயிருடன் வாழ்க்கைத்துணை இருப்பது, வயது குறைவு, மனநிலை, தடைசெய்யப்பட்ட நெருங்கிய உறவு போன்ற, சட்டத்தின் 4-ஆம் பிரிவில் உள்ள காரணங்களை வைத்து மட்டுமே அது செல்லும். சாதி, மதம், நாடு, பெற்றோரின் கோபம் எதுவும் ஆட்சேபணை ஆகாது.

மே மாதத்தில் திருமணம் நடந்தது. இந்தச் சட்டத்தில் மந்திரமோ மாலையோ கட்டாயமில்லை. திருமண அதிகாரியும் மூன்று சாட்சிகளும் கேட்கும்படி, ஒருவரையொருவர் சட்டப்படியான கணவனாகவும் மனைவியாகவும் ஏற்கிறோம் என்று, இருவருக்கும் புரியும் ஏதாவது ஒரு மொழியில் சொல்ல வேண்டும், அதுதான் திருமணம். அவர் தமிழில்தான் சொல்வேன் என்று பிடிவாதமாக இருந்தார். அந்த ஒரு வாக்கியத்தைப் பிரெஞ்சு எழுத்தில் ஒரு சிறு தாளில் எழுதி, நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைத்திருந்தார். வியர்வையில் மை கலங்கியிருந்தது. தாளைப் பார்க்காமலே சொல்லி முடித்தார். அதுவரை கோப்பில் எழுதிக்கொண்டிருந்த அதிகாரி பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார். அப்பா, என் தோழி, கீழ்வீட்டு அக்கா மூவரும் சாட்சிக் கையெழுத்துப் போட்டார்கள். கார்த்திகையில் நடந்ததைவிட இந்தத் திருமணம்தான் இன்று என் நினைவில் துலக்கமாக இருக்கிறது.

இதற்குப் பிறகுதான் பணம் போனது. சான்றிதழ் கிடைத்ததும், விசாவை இங்கேயே மாற்றித் தருவதாகச் சொன்ன ஒரு முகவரிடம் 35,000 ரூபாய் கொடுத்தோம். பத்து நாட்களில் முடித்துத் தருவதாக உறுதி சொன்னவர், மூன்று வாரங்கள் கழித்து, இ-விசாவை மாற்ற இயலாது என்று கையை விரித்தார். கொடுத்த பணம் திரும்ப வரவில்லை. இ-விசாவை நீட்டிக்கவோ வேறு வகைக்கு மாற்றவோ முடியாது என்பது அதன் நிபந்தனைகளிலேயே எழுதப்பட்டிருக்கிறது. ஐந்து நிமிடம் ஒதுக்கி நாங்களே படித்திருக்க வேண்டும். தூதரகத்தில் பெறும் சாதாரணச் சுற்றுலா விசாவில் வந்து இந்தியரை மணந்தவர்கள், இங்கிருந்தபடியே எக்ஸ்-2 என்ற நுழைவு விசாவுக்கு மாற்றக் கோரி விண்ணப்பிக்க வழி இருக்கிறது. ஆகவே திருமண எண்ணத்தோடு வருபவர், விரைவாகக் கிடைக்கிறதே என்று இ-விசா எடுக்காமல், சற்றுக் காத்திருந்தாவது சாதாரண விசாவில் வருவது நல்லது. நாங்கள் அந்த வாய்ப்பை இழந்ததால், ஜூன் மாதம் அவர் இரண்டாம் முறையும் நாடு திரும்பி, பாரிஸில் இந்தியக் குடிமகளின் கணவர் என்ற முறையில் எக்ஸ்-2 விசாவுக்கு விண்ணப்பித்து, ஆகஸ்டில் வந்தார். கூடுதல் விமானப் பயணங்களுக்கு மட்டும் ஒரு லட்சத்துப் பத்தாயிரம் ரூபாய். மொழிபெயர்ப்பு, நோட்டரி, அப்போஸ்டில் வகையில் 28,000 ரூபாய். எனக்குச் சம்பளமில்லா விடுப்பு 11 நாட்கள். அவருக்குப் பட்டறை வேலை இல்லாத நான்கு மாதங்கள்.

அப்போஸ்டில் என்பதைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். ஒரு நாட்டின் ஆவணத்தை மற்றொரு நாடு ஏற்பதற்கு அதன்மேல் இடப்படும் சான்று அது. எங்கள் திருமணச் சான்றிதழைப் பிரான்ஸின் குடிமைப் பதிவேட்டில் ஏற்றுவதற்கு, முதலில் மாநில அரசின் சான்றொப்பமும் பிறகு வெளியுறவு அமைச்சகத்தின் அப்போஸ்டிலும் தேவைப்பட்டன. அவரது பிறப்புச் சான்று அங்கேயே அப்போஸ்டில் செய்யப்பட்டு ஆங்கில மொழிபெயர்ப்போடு வர வேண்டும். அவர் முதல் முறை வந்தபோதே இரண்டு பிரதிகளாகக் கொண்டுவந்திருந்தால், பின்னால் தபாலுக்கு ஆறு வாரம் காத்திருந்திருக்க மாட்டோம்.

எக்ஸ்-2 விசாவில் வந்ததும் 14 நாட்களுக்குள் எஃப்ஆர்ஆர்ஓ எனப்படும் வெளிநாட்டினர் பதிவு அலுவலகத்தில் பதிவு செய்ய வேண்டும். இப்போது இது இணையவழியில் நடக்கிறது. அலுவலகம் நேரில் அழைத்தால் மட்டும் போனால் போதும். அதற்குக் கேட்கும் ஆவணங்களில் எல்லோரும் தடுமாறுவது, நாங்கள் பதிவு செய்தபோது ஃபார்ம் சி எனப்பட்ட படிவம். வெளிநாட்டவர் ஒருவரைத் தங்க வைக்கும் எவரும், விடுதியானாலும் வீடானாலும், அவர் வந்த 24 மணி நேரத்துக்குள் இணையத்தில் அந்தப் படிவத்தைப் பதிவேற்ற வேண்டும். முதல் வருகையின்போது இப்படி ஒன்று இருப்பதே எங்களுக்குத் தெரியாது. எங்கள் வீட்டு உரிமையாளர் எழுபது வயதுப் பெரியவர், விவரத்தைச் சொன்னதும், "போலீஸ் கேஸ் ஏதாவது வந்துவிடுமா அம்மா?" என்று கேட்டார். அவரைக் குறைசொல்ல முடியாது. மடிக்கணினியை எடுத்துக்கொண்டு அவர் வீட்டு உணவு மேசையில் உட்கார்ந்து, ஒவ்வொரு கட்டத்தையும் தமிழில் படித்துச் சொல்லி, அவர் பெயரில் கணக்குத் தொடங்கி, அவரே பொத்தானை அழுத்தும்படி செய்தேன். வாடகை ஒப்பந்தத்தில் இருவர் பெயரையும் சேர்க்கவும் அன்றே கேட்டுக்கொண்டேன். அது பின்னால் பெரிதும் உதவியது. வெளிநாட்டுத் துணையோடு வாடகைக்கு வீடு தேடுபவர்கள் முன்பணம் கொடுக்கும் முன்பே இந்தப் படிவம் பற்றி வீட்டு உரிமையாளரிடம் பேசிவிடுங்கள். இன்னொன்று, இந்த விசாவில் இருக்கும்போது அவர் அனுமதியின்றி இங்கே சம்பளத்துக்கு வேலை செய்ய முடியாது. அந்த இரண்டு ஆண்டுகள் என் ஒரு சம்பளத்தில்தான் குடும்பம் நடந்தது. அதற்கான சேமிப்பைத் திருமணச் செலவில் கரைத்துவிடாமல் வைத்துக்கொள்ள வேண்டும்.

குடியுரிமைச் சட்டத்தின் 7ஏ பிரிவின்படி, இந்தியக் குடிமகனையோ குடிமகளையோ மணந்த வெளிநாட்டவர், திருமணம் பதிவு செய்யப்பட்டு, தொடர்ந்து இரண்டு ஆண்டுகள் நிலைத்திருந்தால் ஓசிஐ அட்டைக்கு விண்ணப்பிக்கலாம். பாகிஸ்தான், வங்கதேசக் குடியுரிமை கொண்டிருந்தவர்களுக்கும் அவர்களின் வாரிசுகளுக்கும் இந்த வழி இல்லை. எங்களுக்கு அந்த இரண்டு ஆண்டுகள் 2023 மே மாதத்திலிருந்து தொடங்கின. கார்த்திகை முகூர்த்தத்திலிருந்து அல்ல. 2025 ஜூன் மாதம் 15,000 ரூபாய் கட்டணத்துடன் விண்ணப்பித்தோம். வெளிநாட்டினர் பதிவு அலுவலகம் இருக்கும் ஹாடோஸ் சாலை சாஸ்திரி பவனுக்கு இருவரும் அசல் ஆவணங்களோடு போனோம். பிறகு காவல் நிலையத்திலிருந்து விசாரணைக்கு வந்தார்கள். வந்தவர் எங்களிடம் கேட்டதைவிடக் கீழ்வீட்டு அக்காவிடம்தான் அதிகம் கேட்டார்: இருவரும் இங்கே ஒன்றாகத்தான் இருக்கிறார்களா, எத்தனை ஆண்டுகளாகத் தெரியும் என்று. அக்கா எங்கள் திருமணத்தின் சாட்சி; அவர் சொன்ன பதிலைவிடப் பெரிய சான்று எங்களிடம் இல்லை. இருந்தாலும் முதல் நாளிலிருந்தே இருவர் பெயரும் உள்ள ஒப்பந்தம், பயணச் சீட்டுகள், குடும்ப விழாப் படங்கள் எல்லாவற்றையும் தேதிவாரியாக ஒரு கோப்பில் சேர்த்துக்கொண்டே வாருங்கள். இரண்டு ஆண்டுகள் கழித்துத் தேடினால் கிடைக்காது.

அட்டை கையில் வந்த பின் பதிவுத் தொல்லை இல்லை, எத்தனை முறை வேண்டுமானாலும் வந்துபோகலாம், வேலையும் செய்யலாம். அவர் இப்போது எங்கள் ஊருக்கருகே ஒரு சிறு பட்டறைக்கு இடம் பார்த்துக்கொண்டிருக்கிறார். விவசாய நிலம் ஓசிஐ அட்டைதாரர் விலைக்கு வாங்க முடியாது என்பதால் வாடகைக்குத்தான் பார்க்கிறோம். வாக்குரிமையும் இல்லை. இந்தியக் குடியுரிமை வேண்டுமென்றால் அது ஏழு ஆண்டு வசிப்பைக் கோரும் தனி வழி; அவர் பிரெஞ்சுக் குடியுரிமையை விட வேண்டியிருக்கும் என்பதால் நாங்கள் அதை நாடவில்லை. திருமணம் முறிந்தால் இந்த அட்டையும் ரத்தாகும் என்பதை மணப்பதற்கு முன்பே அவரிடம் சொல்லியிருந்தேன். துணையிடம் மறைக்கக் கூடாத செய்தி அது.

ஒரு வேலை இன்னும் மிச்சமிருக்கிறது. துணை என்ற முறையில் அட்டை பெற்றவர், புதிய பாஸ்போர்ட் வாங்கும் ஒவ்வொரு முறையும் மூன்று மாதங்களுக்குள் அதன் நகலையும் புதிய புகைப்படத்தையும், திருமணம் தொடர்ந்து நிலைத்திருக்கிறது என்ற உறுதிமொழியையும் இணையத்தில் ஏற்ற வேண்டும். அவரது பாஸ்போர்ட் 2029-இல் முடிகிறது. அந்தத் தேதியைக் கோப்பின் முதல் பக்கத்தில், எங்கள் இருவரின் கையெழுத்திலும், தமிழில் ஒரு முறையும் பிரெஞ்சில் ஒரு முறையும் எழுதி வைத்திருக்கிறோம்.